மொட்டைப்பாறை வளைவில் வெளிநாடு

இப்போதெல்லாம் தலையில் ஒரு தொப்பியும் வாயில் ஒரு விசிலும் இருந்தால் போதும், ஜனங்கள் நின்றுவிடுகிறார்கள். நீ யார், எதற்கு நிற்கச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. நிற்பதோடு விட்டாலும் பரவாயில்லை, பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறார்கள். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காக்கிச் சட்டை போட்டிருந்த ஐஸ்காரனைப் பார்த்து மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் சலாம் வைத்ததைச் சுப்பையன் தன் கண்ணாலேயே பார்த்தார். கேட்காமலே வண்டிக் காகிதங்களை எடுத்து நீட்டவும் செய்தான். ஐஸ்காரனும் சளைக்கவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, போ” என்றான்.

சுப்பையன் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. தராசை நம்பமாட்டார், தராசு பிடிக்கிறவனை அதைவிட நம்பமாட்டார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வெளியே போய் வானத்தைப் பார்ப்பார். வானத்தையும் அரைகுறையாகத்தான் நம்புவார். அவர் முழுசாக நம்பிய சேதி ஒன்றே ஒன்று. அது அவர் மனைவி கண்ணாயியின் கண்ணைப் பற்றி நாமக்கல் டாக்டரம்மா சொன்னது.

“கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது பெரியவரே. மாசா மாசம் கொண்டுவந்து காட்டணும். நான் சொல்ற தேதியில ஆபரேஷன் பண்ணிரணும். விட்டா, இருக்கிற பார்வையும் போயிரும். போச்சுன்னா வராது.”

அதையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. வேறு இரண்டு டாக்டர்களிடம் காட்டினார். இரண்டு பேரும் அதையே சொன்ன பிறகு, வேறு வழியில்லாமல் நம்பினார்.

மலையில், வாசலூர்பட்டிக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் விவசாயக் காடு. மரவள்ளி எனும் குச்சிக்கிழங்கு, வாழை, மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி. அடிபட்டு நசுங்கிய பிக்கப் வண்டி ஒன்று. விளைந்ததை ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக இறங்கிச் சேந்தமங்கலத்தில் போடுவது அவர் பிழைப்பு. மாதத்துக்கு ஒரு நடை கண்ணாயியையும் முன்னால் உட்காரவைத்து நாமக்கல்வரை கொண்டுபோவார்.

அப்படிப் போன ஒருநாள், மூடுபனி விலகாத காலையில், மொட்டைப்பாறை வளைவில் அதுவரை இல்லாத ஒரு கொட்டகை நின்றது. மூங்கில் கால், தகரக் கூரை, மேலே ஒரு கொடி. சாலையோரம் தூக்கி நிறுத்திய நீளக் கம்பில் கோயில் மதில் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, நாற்காலியின் மேல் ஒரு தொப்பி. ஆள் இல்லை. பலகையில் என்னவோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சுப்பையனுக்குப் பொறுமை இல்லை.

அந்த மலையில் வண்டி கவிழ்ந்த இடத்திலெல்லாம் யாராவது ஒரு கல்லை நட்டுப் பட்டை அடித்துவிடுவார்கள். அந்த வழியே போகிற வண்டிக்காரர்கள், ஏற்றிய சுமையில் முதல் கைப்பிடியை எடுத்து அங்கே வைத்துவிட்டு இறங்குவார்கள். அப்படி ஒரு சாமி புதிதாக வந்திருக்கிறது என்று சுப்பையன் நினைத்தார்.

“இருக்குதோ இல்லையோ, வெச்சுட்டு வந்துருங்க. வளைவு பொல்லாதது” என்றாள் கண்ணாயி.

அவர் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கை மிளகும் நாற்காலிக்கு முன்னால் வைத்து, தொப்பியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருந்த அதிகாரி திரும்பி வந்தபோது பழம் இருந்தது. பழத்தைப் பார்த்து அடுத்த லாரிக்காரன் பலாப்பழம் வைத்தான். பலாவைப் பார்த்து அதற்கடுத்தவன் கோழி வைத்தான். சாயங்காலத்துக்குள் கொட்டகைக்குள் நாற்காலி போட இடமில்லாமல் போயிற்று.

அது சாமி இல்லை என்பது அடுத்த நடையில் தெரிந்தது. கம்பு குறுக்கே இறங்கியிருந்தது. வான நீலச் சட்டை, வெள்ளைக் கையுறை, அந்த மூடுபனியிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பெயர் ஜெயசுதா. இது எந்த ஊர் போலீஸ் உடுப்பு என்று சுப்பையன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். உள்ளே நாற்காலியில் அந்தச் சாவடியின் டைரக்டர் ரமேஷ்குமார் உட்கார்ந்திருந்தார். தொப்பி இப்போது அவர் தலையில் இருந்தது.

“பெரியவரே, உக்காருங்க. நம்ம பக்கத்து ஆளுங்க கடல் தாண்டிப் போய் லாரி ஓட்டறாங்க, தெரியுமில்ல? அங்கே ரோட்டுல போலீஸ்காரன் மறிக்கிறான். நம்ம ஆளுக்கு எப்படிக் குடுக்கறதுன்னே தெரியலை. கூச்சப்படறான். சில பேரு ரசீது கேக்கறான். நாட்டுக்கே தலைகுனிவு. அதனால மேலிடத்துல ரொம்ப யோசிச்சு இந்தப் பயிற்சிச் சாவடியை வெச்சிருக்கோம். இந்த வளைவுலேர்ந்து அடுத்த வளைவு வரைக்கும் வெளிநாடு.”

“எந்த நாடுங்க?”

“பொதுவான வெளிநாடு. ஒரு நாட்டுப் பேரைச் சொன்னா இன்னொரு நாடு கோவிச்சுக்கும்.”

“நான் சேந்தமங்கலம் போறவனுங்க. எனக்கு எதுக்குங்க?”

“பயிற்சிக்கு வர்றதாச் சொன்னவங்கள்ல ரெண்டே பேருதான் வந்தாங்க. அவங்களும் வளைவுல வாந்தி எடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அதுக்காக ஆரம்பிச்ச வேலையை நிறுத்திற முடியுமா? ரோட்டுல வர்றவங்கதான் பயிற்சியாளர்.”

“நான் வெளிநாடே போறதா இல்லீங்க.”

“வந்துட்டீங்களே” என்றார் ரமேஷ்குமார்.

சுப்பையன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதே பாறை, அதே மரம், மரத்தில் அதே குரங்கு.

“அப்ப வண்டிக்கு வண்டி வாங்கறீங்களே, அது லஞ்சம் இல்லீங்களா?”

ரமேஷ்குமார் முகம் வாடிவிட்டது. பக்கத்திலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து உரித்தார்.

“அந்த வார்த்தையை இங்கே சொல்லாதீங்க. இங்கே லஞ்சம் அறவே கிடையாது. லஞ்சம் குடுக்கற பயிற்சி மட்டுந்தான். குடுத்ததை நாங்க தின்னா அது செய்முறை விளக்கம். தின்னாம அழுக விட்டா அது விரயம். விரயத்துக்கு நாங்க மேலே பதில் சொல்லணும். இன்னொண்ணு, நாங்க கேக்கவே இல்லையே? நீங்களா வந்தீங்க. செருப்பைக் கழட்டிட்டு வெச்சீங்க, கும்பிட்டீங்க. மேலிடத்துக்குத் தெரியப்படுத்தினோம். ஜனங்க இவ்வளவு தயாரா இருக்காங்களான்னு அங்கே கண் கலங்கிட்டாங்களாம்.”

“அது சாமின்னு நினைச்சு வெச்சதுங்க!”

“என்ன வித்தியாசம்?” என்று கேட்டார் ஜெயசுதா. கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதிலிருந்து விதி அமலுக்கு வந்தது. செருப்பைக் கழற்ற வேண்டும். சுமையில் முதல் கை வைக்க வேண்டும். சுமை இல்லாதவன் சட்டைப் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நாளில் இன்னொரு விதி வந்தது. வெளிநாட்டுப் போலீசுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பேளுக்குறிச்சி அர்த்தனாரியைப் பிடித்துவந்தார்கள். நிஜமாகவே கடல் தாண்டிப் போய்ப் பல வருஷம் போர்வெல் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் அவன். இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுப் போலீசைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். ஆனால் ரமேஷ்குமாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை வராது. ஆகவே அவர் தமிழில் கேட்பார், அர்த்தனாரி அதையே தமிழில் சொல்வான், அதற்குப் பிறகுதான் வண்டிக்காரருக்குப் புரிய வேண்டும்.

“வண்டியில என்ன?” என்றார் ரமேஷ்குமார்.

“குச்சிக்கிழங்குங்க” என்றார் சுப்பையன்.

ஜெயசுதா விசில் ஊதினார். “குத்தம்! மொழிபெயர்க்கறதுக்கு முன்னாலேயே புரிஞ்சிருச்சு.”

“காதுல விழுந்துதுங்களே.”

“விழலாம். புரியக்கூடாது.”

அர்த்தனாரி சுப்பையனைப் பரிதாபமாகப் பார்த்தான். “ஏனுங்ண்ணா, வண்டியில என்னன்னு அய்யா கேக்கறாருங்க.”

“குச்சிக்கிழங்குன்னு சொல்லப்பா.”

“குச்சிக்கிழங்காமுங்க அய்யா.”

“அப்படியா!” என்று வியந்தார் ரமேஷ்குமார்.

குற்றத்துக்காக இரண்டாவது கை வைக்கச் சொன்னார்கள். எப்படி வைக்க வேண்டும் என்பதை ஜெயசுதா கவனித்துக்கொண்டார். அவர் பதவிக்குப் பெயர் பய மதிப்பீட்டு அலுவலர்.

“பிச்சை போடற மாதிரி நீட்டறீங்க. கை நடுங்கலை. கண்ணு நேரா என்னைப் பார்க்குது. வெளிநாட்டுல இப்படிக் குடுத்தா உங்களை உள்ளே தூக்கி வெச்சுருவாங்க. நல்லாக் கேட்டுக்குங்க: பொருளு முக்கியமில்லை. பயந்து குடுக்கணும். பயம் இல்லாம வாங்கினா எங்களுக்கே அசிங்கமா இருக்குது.”

“பயம் வரலீங்களே. என்ன பண்றது?”

“அந்த பெஞ்சுல உக்காருங்க. வரும்.”

கொட்டகைக்குப் பக்கத்தில் பாறை நிழலில் ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். ஏற்கெனவே சில பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. சும்மா உட்காரவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். நேரம் போகப் போகப் பனி வந்து பெஞ்சை மூடியது. எதிரே லாரிகளில் கிழங்கு காத்துக் கிடந்தது. வெட்டிய கிழங்கு காத்திருந்தால் உள்ளே கறுத்துப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அன்னாசிக்காரன் அண்ணாமலை என்று ஒருவன், எப்போதும் பாட்டும் கூத்துமாக வண்டி ஓட்டுகிறவன், அந்த பெஞ்சிலிருந்து எழுந்து போன பிறகு பாடவே இல்லை. யாரும் நிறுத்தாத வளைவுகளிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினான்.

அவன் மட்டுமல்ல. வாசலூர்பட்டி ஏரியில் படகு ஏறும் இடத்துக் கைப்பிடிக்கு யாரோ புதிதாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்துவிட்டார்கள். அன்றைக்குப் படகு ஏற வந்த உள்ளூர்க்காரர்கள் கைப்பிடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு விசில் சத்தம் வராதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்கள். வராததால் திரும்பிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் பெஞ்சிலிருந்து விட்ட பிறகு சுப்பையன், வண்டியில் காத்திருந்த கண்ணாயியோடு நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா கிளம்பிப்போயிருந்தார். மறுநாள் காட்டியபோது சத்தம் போட்டார். “அழுத்தம் இன்னும் ஏறியிருக்கு. ஒரு கண்ணு கிட்டத்தட்டப் போயிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள இங்கே இருக்கணும். இதையும் தவறவிட்டா என்னைத் தேடி வராதீங்க. வந்தும் பிரயோஜனம் இல்லை.”

“செக்போஸ்டுல நிறுத்திட்டாங்கம்மா.”

“எந்த செக்போஸ்ட்?”

“வெளிநாட்டு செக்போஸ்ட்டுங்க.”

டாக்டரம்மா அவர் கண்ணையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தார்.

மலையின் மறுபக்கத்துச் சாலை மழையில் சரிந்து மூடிக் கிடந்தது. பஸ்ஸையும் மொட்டைப்பாறையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பயப்பட வைத்துத்தான் விட்டார்கள். வேறு வழி இல்லை. ஆகவே சுப்பையன் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ள முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் நல்ல மிளகாகப் பார்த்து எடுத்துவைத்தார். ஒரு வாழைத்தார், ஒரு பலாப்பழம், கட்டுச் சேவல், மலைத்தேன் ஒரு பாட்டில். அதையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டுப் பயப்படப் பழகினார்.

“எப்படி இருக்குது மூஞ்சி?” என்றார்.

கண்ணாயி கிட்டே வந்து, மிச்சமிருந்த கண்ணும் மங்கிப்போனதால் விரலால் தடவிப் பார்த்தாள். “தெரிஞ்ச வரைக்கும் சண்டைக்குப் போற மாதிரிதான் இருக்குதுங்க. கொஞ்சம் தொங்கப் போடுங்க. இருட்டுல பாம்பை மிதிச்சுட்ட மாதிரி வெச்சுக்குங்க.”

“பாம்பை மிதிச்சப்பவும் இதே மூஞ்சிதான்டி.”

“ஆமா. நான்தான் கத்தினேன்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். மொட்டைப்பாறையில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் கட்டியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். நிறுத்திய வண்டிகள் வளைவுக்கு மேலே பனிக்குள் மறையும்வரை நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அத்தனை வண்டி நிற்கிற இடத்தில் அப்படி ஓர் அமைதியைச் சுப்பையன் கண்டதில்லை.

ஜெயசுதா வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ரமேஷ்குமார் சுப்பையனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார். கையைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துப்போய்க் கழுத்தில் மாலை போட்டார்.

“பெரியோர்களே!” என்றார் மைக்கில். “இந்தச் சாவடியோட முதல் பயிற்சியாளர் இவர்தான். யாரும் கேக்கறதுக்கு முன்னாலேயே குடுத்த மகான். இவர் மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது. வேலை இல்லாமலே நாங்க இங்கே இருக்கலாம். அந்தப் பொன்னான நாள் வரத்தான் போகுது!”

கைதட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் தட்டினார்கள்.

சுப்பையன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். செருப்பைக் கழற்றினார். மிளகு, தார், பலா, சேவல், தேன் என்று ஒவ்வொன்றாக வைத்தார். ரமேஷ்குமார் தமிழில் கேட்டபோது செவிடனைப் போல வானத்தைப் பார்த்தார். அர்த்தனாரி சொன்ன பிறகுதான் தலையை ஆட்டினார். கையைக்கூட நடுக்கிக் காட்டினார்.

“பெண்டாட்டிக்குக் கண் ஆபரேஷனுங்க. மதியத்துக்குள்ள நாமக்கல் போயாகணும். விட்டுருங்க சாமி” என்றார். சாமி என்ற வார்த்தை அவர் வாயில் எச்சில் மாதிரி ஒட்டிக்கொண்டது.

“தாராளமாப் போங்க. ஒரே ஒரு சின்னத் தேர்வு. புதுசு. மேலிடத்துல ரொம்ப ஆசைப்படறாங்க. இது வெளிநாடுன்னு மனசாரச் சொல்லணும்.”

“இது வெளிநாடுங்க.”

ஜெயசுதா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தருகே வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “சொல்றாரு சார். நம்பலை.”

“இன்னொரு தரம் சொல்லுங்க பெரியவரே.”

“வெளிநாடுங்க. சத்தியமா வெளிநாடுங்க. நான் பொறந்ததுலேர்ந்து பார்த்திராத நாடுங்க.”

“வாய்தான் சொல்லுது” என்றார் ஜெயசுதா. “மூஞ்சி ஒத்துக்கலை.”

அர்த்தனாரி அவர் காதோரம் குனிந்தான். “ஏனுங்ண்ணா, சித்தெ நம்பித் தொலைங்களேன். அக்காளுக்குக் கண்ணு போயிருமுங்க.”

“நம்பத்தான் பார்க்கறேன். வர மாட்டேங்குது. நீ நெசமான வெளிநாட்டுல இருந்தவன்தானே? அங்கே இப்படியெல்லாமா கேட்டாங்க?”

அர்த்தனாரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். “இல்லீங்ண்ணா. அங்கே அவன் வாங்குவான், போன்னு தாட்டி விட்டுருவான். நாம அவனை நம்பணும்னு அவன் எதிர்பார்க்க மாட்டான்.”

“குத்தம்! மொழிபெயர்ப்பாளர் சொந்தமாப் பேசறார்” என்று விசில் அடித்தார் ஜெயசுதா. அர்த்தனாரி தானே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

வண்டியிலிருந்த கண்ணாயியையும் இறக்கினார்கள். அவள் கைகளை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கண்ணு, யாரு சாமி நீங்க? மைக்குல கேட்டது எங்கூருக்குப் பக்கத்துக் கோவில்பட்டிச் சின்னக்கண்ணு குரலாட்டம் இருக்குது. நேரமாகுது, எங்களைத் தாட்டி விடுங்க” என்றாள், ரமேஷ்குமார் நின்ற இடத்துக்கு அரை அடி தள்ளிப் பார்த்துக்கொண்டு.

பந்தலுக்குள் சலசலப்பு ஏற்பட்டது. ஜெயசுதா அவள் முகத்துக்கு நேரே கையுறையை ஆட்டினார். பிறகு டைரக்டரின் தொப்பியை வாங்கி ஆட்டினார். கண்ணாயி சிமிட்டவில்லை. ஜெயசுதாவின் முகம் வெளுத்துவிட்டது.

“சார், இவங்களுக்கு யூனிஃபார்ம் தெரியலை.”

ரமேஷ்குமார் அவசரமாகத் தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“தொப்பியே தெரியலைன்னா, பயம் எங்கிருந்து வரும்? என்னையும் அந்த மரத்தையும் இந்தம்மா ஒண்ணாத்தானே பார்க்கும்? இப்படி ஒருத்தரை வெளியே விட்டு, அது நாலு பேருக்குத் தெரிஞ்சா…”

“அதுக்குத்தானே ஆபரேஷனுக்குப் போறோம்” என்றார் சுப்பையன். “கண்ணு தெரிஞ்சா உங்க தொப்பி நல்லாத் தெரியும். வேணும்னா வந்து பார்த்துப் பயந்துட்டுப் போறோம். இப்ப விடுங்க.”

ரமேஷ்குமார் யோசித்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

“நியாயமான பேச்சு. கண் ஆபரேஷன் தேசத்துக்கே நல்லது. மேலிடத்துல கேட்டு அனுமதி வாங்கறேன். அது வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் அர்த்தனாரி, மறுபக்கம் முகம் தெரியாத ஆட்கள். மேலிடத்தில் போனை எடுக்கவில்லை என்று ஒரு தரம் சொன்னார்கள். மேலிடமே வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் கேட்டுவிடலாம் என்று இன்னொரு தரம் சொன்னார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பனி கரைந்து பாறைமேல் வெயில் ஏறியது. கண்ணாயி அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கத்திலிருந்தவன், வீட்டை விட்டு எப்போது வந்தாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவனைப் போல உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கால்மேல் ஒரு சிலந்தி நூல் கட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

அப்போதுதான் சுப்பையனுக்குப் பயம் வந்தது.

தொப்பியைப் பார்த்து வரவில்லை. இந்த பெஞ்சில் உட்காருவது சௌகரியமாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குத்தான் பயந்தார். கழுத்து மாலையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். எழுந்தார்.

“ஏந்திரி.”

“விட்டுட்டாங்களா?”

“இல்லை. ஏந்திரி.”

சிவப்பு வெள்ளைக் கம்புக்கும் பாறைக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற இடம் இருந்தது. இத்தனை நாளில் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணாயியை முன்னால் விட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு அதன் வழியே நடந்தார்.

ஜெயசுதா விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு டைரக்டரைப் பார்த்தார். “சார், நடந்து போறாரு.”

“வண்டி?”

“வண்டி இங்கேதான் நிக்குது. சாவி என்கிட்ட.”

“நடந்து போறதுக்கு விதி இருக்குதா?”

“இல்லீங்க சார்.”

ரமேஷ்குமார் நிம்மதியாக மூச்சு விட்டார். “அப்படின்னா அவர் போகலை. பெஞ்சுலதான் இருக்கார்.”

பெஞ்சில் இருந்தவர்கள், சுப்பையனும் கண்ணாயியும் எழுந்த இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடாமல், அதை அப்படியே காலியாக விட்டுத் தள்ளி நெருக்கி உட்கார்ந்தார்கள்.

சுப்பையன் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை இறக்கத்தில் வளைந்தது. கீழே எங்கோ ஒரு வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. அது வந்தால் கையைக் காட்டி, வண்டியைத் திருப்பி நாமக்கல் கூட்டிப்போகச் சொல்லலாம், அந்த வண்டிக்காரன் எப்படிப்பட்டவனோ. வராவிட்டால் அடுத்த வளைவுவரை நடக்கலாம், அதற்கடுத்ததுவரையும் நடக்கலாம். வெறுங்காலில் ஜல்லி குத்தியது.

பின்னால் மைக் கரகரத்தது. மேலிடம் வந்துவிட்டது போலிருக்கிறது, வருகைப் பதிவு எடுக்கிறார்கள்.

“சுப்பையன்!” என்றது மைக்.

“இருக்கேனுங்க” என்று யாரோ பதில் சொன்னார்கள். பணிவான குரல். நடுங்கின விதமும் சரியாக இருந்தது.

கண்ணாயி நின்றுவிட்டாள். “யாருங்க அது, உங்க பேருக்குச் சொல்றது?”

“எவனோ சொல்லட்டும். நீ காலைப் பார்த்து வை.”

“மதியத்துக்குள்ள போயிருவமா?”

“போயிருவோம்னு நான் சொல்ல மாட்டேன். நட.”

அவள் நடந்தாள். இரண்டு எட்டு வைத்ததும் மறுபடி கேட்டாள். “வெளிநாட்டைத் தாண்டிட்டமா?”

சுப்பையன் ஓரமாகக் காறித் துப்பினார். அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையின் நட்டநடுவில் கூட்டிக்கொண்டு போனார்.

“எந்த வெளிநாடு?” என்றார்.